மூட்டு மாற்றிய பின் தழும்பைப் பேணுதல்

எமது ஆலயத்திற்கு வரும் அடியார்களில் முழங்கால் மூட்டையோ இடுப்பு மூட்டையோ மாற்றிக்கொண்டவர்கள் இன்று பலர் இருக்கின்றனர். "நடக்க முடிகிறதா, படி ஏற முடிகிறதா" என்று அவர்களிடம் எல்லோரும் கேட்கிறோம். மூட்டின் மேல் இருக்கும் அந்த நீண்ட வெட்டுக்காயம் எப்படி இருக்கிறது என்று கேட்பவர் அரிது. அவர்களும் சொல்வதில்லை. இந்த மௌனத்தால் ஒரு குடும்பம் பட்ட பாட்டை அறிந்த பின்னரே இதனை எழுத முன்வந்தோம்.

எமக்குத் தெரிந்த ஒரு அம்மாவுக்கு இடுப்பு மூட்டு மாற்றப்பட்டது. இரண்டு கிழமைக்குப் பின் தாதி வந்து கிளிப்புகளைக் கழற்றினார். காயம் காய்ந்திருந்தது. அடுத்த கிழமை அதன் கீழ் முனையில் நீர் கசியத் தொடங்கியது. வைத்தியரிடம் கூட்டிச் செல்பவர் மகன். காயம் இருக்கும் இடமோ இடுப்பு. மகனிடம் சொல்லக் கூச்சப்பட்ட அம்மா, மஞ்சளையும் திருநீற்றையும் குழைத்துப் பூசி, பழைய சேலைத் துணியை மடித்து அதன் மேல் வைத்துக்கொண்டார். ஐந்தாம் நாள் உடுப்புத் தோய்க்க எடுத்த மருமகள் கறையைக் கண்டு கேட்ட பிறகே விஷயம் வெளிவந்தது. அன்றிரவே வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றார்கள். இடுப்பைத் திரும்பத் திறந்து கழுவ வேண்டியிருந்தது. நல்ல வேளையாகப் பொருத்திய மூட்டு தப்பியது.

கசிவு இத்தனை பாரதூரமானதா என்று சிலர் நினைக்கக்கூடும். உள்ளே இருப்பது உலோகமும் பிளாஸ்ரிக்கும். அவற்றில் இரத்தம் ஓடுவதில்லை. கிருமி அதில் ஒட்டிக்கொண்டால் தன்னைச் சுற்றி வழுவழுப்பான ஒரு படலத்தைக் கட்டிவிடும். அதற்குள் அன்ரிபயோட்டிக் மருந்து சரிவரச் சென்று சேராது. ஆரம்ப நாட்களில் கண்டுபிடித்தால் பல வேளைகளில் கழுவி மூட்டைக் காப்பாற்றலாம். படலம் முதிர்ந்துவிட்டால் மூட்டையே கழற்றி, கிருமி போன பின் வேறு மூட்டுப் பொருத்த நேரும். 1962ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் றைற்றிங்ரன் வைத்தியசாலையில் இன்றைய இடுப்பு மூட்டு மாற்றுக்கு வழிகாட்டிய ஜோன் சார்ன்லியை மிகவும் வருத்தியதும் இந்தக் கிருமித் தொற்றே. காற்றை வடிகட்டி அனுப்பும் தனிக் கூடாரத்தினுள் நின்று சத்திரசிகிச்சை செய்யும் முறையை அவர் உருவாக்கினார். அவ்வாறு ஒவ்வொன்றாகத் திருத்தியே, நூற்றுக்கு ஏழுக்கு மேல் இருந்த தொற்றை ஒன்றுக்கும் கீழே கொண்டுவந்தார்.

ஆகவே காயம் முற்றாக மூடும் வரை அதில் எதுவும் பூச வேண்டாம். திருநீற்றை நாம் குறை சொல்லவில்லை. அது நெற்றிக்கு உரியது. தினமும் ஒரு தடவை நல்ல வெளிச்சத்தில் யாராவது ஒருவர் காயத்தைப் பார்க்க வேண்டும். அம்மாவுக்கு மகளோ மருமகளோ, அப்பாவுக்கு மகனோ பார்ப்பது வசதி. தனியாக இருப்பவருக்கு ஒரு கைக்கண்ணாடி உதவும்.

எதைப் பார்ப்பது? வைத்தியசாலை தரும் துண்டுப் பிரசுரங்களில் காயம் சிவந்தால் அறிவிக்கும்படி எழுதியிருப்பார்கள். எமது நிறத்தில் சிவப்பு நன்றாகத் தெரியாது. சுற்றியுள்ள தோல் கறுத்தோ ஊதாவாகவோ வந்து, புறங்கையால் தொட்டால் முன்னையிலும் கூடிய சூடு தெரிந்து, வீக்கம் நாளுக்கு நாள் பெருத்தால் அதுவே எமக்குச் சிவப்பு. கசிவு, சீழ், நாற்றம், குளிர் காய்ச்சல், குறைந்து வந்த நோ மீண்டும் ஏறுதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் அன்றே அறிவிக்க வேண்டும். முழங்காலில் இலேசான வெதுவெதுப்பும் வீக்கமும் சில மாதங்கள் இருப்பது வழமை. அது மெல்ல மெல்லக் குறைந்து வரவேண்டும்.

தோல் இரண்டு மூன்று கிழமையில் மூடிவிடும். ஆனால் அதன் கீழே தழும்பு முதிர ஒரு வருடமோ அதற்கு மேலோ செல்லும். முதல் மாதங்களில் அது தடித்து, கறுத்து, கடித்துக்கொண்டு இருப்பதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. தழும்பைக் கவனிப்பது வீண் அழகு பார்க்கும் வேலை என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: சுசுருத சங்கிதை புண்ணுக்குச் சொல்லும் 60 உபாயங்களில், ஆறிய இடத்தின் நிறத்தையும் ரோமத்தையும் பழையபடி கொண்டுவரும் உபாயங்களும் உண்டு.

பொருக்கு தானாக உதிர்ந்து, காயம் காய்ந்து மூடி, வைத்தியரோ பிசியோதெரபி செய்பவரோ சம்மதித்த பிறகு தழும்பைத் தேய்த்துவிடத் தொடங்கலாம். இரண்டு விரலால் அழுத்தி, விரல் தோலின் மேல் வழுக்காமல், தோலையே மேலும் கீழும், பக்கவாட்டிலும், வட்டமாகவும் அசைக்க வேண்டும். ஐந்து நிமிடம், நாளுக்கு இரண்டு தடவை போதும். இதனால் தோல் கீழுள்ள தசையோடு ஒட்டிப் பிடிக்காமல் இருக்கும். முழங்காலை மடிக்கவும் இலேசாகும். தேங்காய் எண்ணெயோ வாசனையில்லாத களிம்போ எதுவானாலும் சரி. விற்றமின் ஈ எண்ணெய்க்குப் பலர் பணம் செலவழிக்கிறார்கள். அது தழும்பை மாற்றியதாக நிரூபணம் இல்லை. சிலருக்குத் தோலில் கிரந்தி போடுவதும் உண்டு. மொன்றியல் குளிர்காலத்தில் வீட்டு ஹீற்றர் தோலை உலர்த்துவதால் இரவில் கடி கூடும். சொறியாமல், படுக்கப் போகுமுன் களிம்பு பூசுங்கள். கோடையில் வெயில் பட்டால் புதுத் தழும்பு நிரந்தரமாகக் கறுக்கக்கூடும். முதல் வருடம் மூடி வையுங்கள்.

எம்மவர் போன்ற கறுத்தத் தோலில், தழும்பு வெட்டின் எல்லையைத் தாண்டி வளரும் கீலொயிட் சற்று அதிகம். காது குத்திய இடத்தில் உங்களுக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ அப்படிக் கட்டி வந்திருந்தால், சத்திரசிகிச்சைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் சிலிக்கோன் தாளை, காயம் மூடிய பின் தினமும் பன்னிரண்டு மணித்தியாலமாவது, இரண்டு மூன்று மாதம் ஒட்டி வந்தால் பலருக்குத் தடிப்பு அடங்குகிறது. கீலொயிட்டைச் சும்மா வெட்டி எடுத்தால் முன்னையிலும் பெரிதாக வருவதுண்டு. மாற்றிய மூட்டின் மேலுள்ள தழும்பில் ஊசி போடுவதானாலும் முதலில் உங்கள் எலும்புச் சத்திரசிகிச்சை நிபுணரைக் கேட்க வேண்டும்.

முழங்கால் மாற்றியவர்களுக்கு இன்னொன்று. தழும்பின் வெளிப்பக்கத்தில் உள்ளங்கை அளவு இடம் மரத்துப் போயிருக்கும். தோலுக்கு வரும் சிறு நரம்பு வெட்டில் அறுபடுவதே காரணம். காலப்போக்கில் அந்த இடம் சுருங்கும். சிலருக்கு ஒரு பகுதி நிலைத்தும் விடும். அந்த இடத்தில் சுடுதண்ணீர்ப் பையோ நொச்சி ஒத்தணமோ வைக்காதீர்கள். சூடு தெரியாது, வெந்த பிறகே கொப்புளம் தெரியும்.

மரத்த முழங்காலை மடித்து ஊன்றுவதும் பலருக்கு முடிவதில்லை. மூட்டு உடைந்துவிடும் என்பதல்ல. அந்த உணர்வு ஒரு மாதிரியாக இருக்கிறது, நோகிறது. வைத்தியர் அனுமதித்தால் மெத்தையில் மெல்லப் பழகலாம். எமது அடியார்கள் பலரும் போய்வரும் சென் ஜோசப் ஒராற்றறியில் 283 படிகளுள் 99 மரப்படிகள், முழந்தாளில் ஏறுபவர்களுக்கென ஒதுக்கப்பட்டவை. மூட்டு மாற்றியவர்கள் அந்த நேர்த்தியை வேறு விதமாக நிறைவேற்றட்டும். ஆலயத்திலும் பஞ்சாங்க நமஸ்காரம் செய்ய முடியவில்லையே என்று ஓர் அம்மா தூணருகே நின்று கண்கலங்கியதைப் பார்த்தோம். நின்று கைகூப்பினால் போதும். அன்னதானத்தின்போது கதிரை கேட்பதற்கும் வெட்கப்பட வேண்டாம்.

சந்தேகம் வந்தால் 811க்குத் தொலைபேசி எடுத்து இன்போ-சாந்தே தாதியிடம் இரவு பகல் எந்நேரமும் பேசலாம். மறுமுனையில் பிரெஞ்சில் பேசினால் திகைக்காமல் இருக்க, சில சொற்களைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் எழுதி ஒட்டி வையுங்கள். காயம் என்பது 'பிளே', தழும்பு 'சிக்காத்ரிஸ்', முழங்கால் 'ஜெனு', இடுப்பு 'ஆன்ஷ்', காய்ச்சல் 'பியேவ்ர்', செயற்கை மூட்டு 'புறோத்தேஸ்'. கசிகிறது என்பதற்கு 'சா கூல்' என்று சொன்னால் போதும்.