நோயின் நடுவே நன்றி கூறலாமா?



நோயாளரைச் சந்திக்கச் செல்லும் நம்மில் பலர், விடைபெறும் வேளையில், "எல்லாவற்றுக்கும் ஆண்டவருக்கு நன்றி சொல்லுங்கள்" என்று கூறிவிட்டு வருவதுண்டு. நல்ல மனத்தோடுதான் கூறுகிறோம். ஆனால் இரத்தச் சுத்திகரிப்புக்காகக் கிழமைதோறும் வைத்தியசாலைப் படி ஏறி இறங்கும் ஒரு தகப்பனாருக்கு அந்தச் சொல் எப்படிக் கேட்கும்? பாரிசவாதத்தால் ஒரு பக்கம் இயங்காமற்போய், பிறர் கையால் உணவருந்தும் ஒரு தாய்க்கு எப்படிக் கேட்கும்? காரணம் தெரியாத பயத்தாலும் துக்கத்தாலும் இரவிரவாக உறக்கமின்றிக் கிடக்கும் ஓர் இளைஞனுக்கு எப்படிக் கேட்கும்?

"எதற்காக நன்றி? இந்த நோய்க்காகவா?" என்றே அவர்களுடைய உள்ளம் கேட்கும். அதை வாய்விட்டுக் கேட்கத் துணியாமல், தமக்கு விசுவாசம் குறைந்துவிட்டதோ என்று அவர்கள் தம்மைத் தாமே நொந்துகொள்வார்கள். நோயின் பாரம் போதாதென்று குற்ற உணர்வின் பாரமும் அவர்கள் தலையில் ஏறிவிடுகிறது. எனவே கிறிஸ்தவ நன்றி என்றால் என்ன, நோயாளரிடம் அதை எந்த அளவுக்கு எதிர்பார்க்கலாம் என்பதை இவ்வாரம் சற்று ஆழமாக ஆராய்வோம்.

1. பவுல் அடிகளாரின் படிப்பினை

எந்த நிலையிலும் நன்றி கூறவேண்டும் என்று தெசலோனிக்கருக்கு எழுதுகிறார் பவுல் அடிகளார் (1 தெச. 5:18). எபேசியருக்கு எழுதிய திருமுகமோ இன்னும் ஒரு படி மேலே சென்று, எல்லாவற்றிற்காகவும் நன்றி செலுத்தச் சொல்கிறது (எபே. 5:20). இந்த இரண்டு வசனங்களையும் தனியே பிரித்தெடுத்துப் படித்தால், முறையிடுவதே பாவம் என்று ஒருவர் எண்ணக்கூடும்.

ஆனால் பவுல் அடிகளார் தாமே எப்படி நடந்துகொண்டார்? தம் உடலில் தைத்த ஒரு முள்ளைப் பற்றி அவர் பேசுகிறார். அது இன்ன நோய் என்று அவர் சொல்லவில்லை. அதை நீக்கிவிடுமாறு மூன்று முறை ஆண்டவரை வருந்தி வேண்டினார் என்று மட்டும் அறிகிறோம் (2 கொரி. 12:7-9). நன்றி கூறப் போதித்தவர், துன்பத்தை எடுத்துவிடும்படி மன்றாடவும் வெட்கப்படவில்லை.

பிலிப்பியருக்கு அவர் எழுதிய திருமுகம் மகிழ்ச்சியின் திருமுகம் என்று பெயர் பெற்றது. அதிலேகூட, தம் உடன் உழைப்பாளரான எப்பப்பிரோதீத்து நோயுற்றுச் சாகுந்தறுவாயில் இருந்ததைக் குறிப்பிடுகிறார். அவர் உயிர் பிழைத்ததையே இறைவனின் இரக்கம் என்கிறார், அவர் இறந்திருந்தால் தமக்குத் துயரத்தின்மேல் துயரம் வந்திருக்கும் என்கிறார் (பிலி. 2:25-27). நோயை நன்மை என்று அவர் அழைக்கவில்லை. குணமானதை நன்மை என்றார். நோயைத் துயரம் என்றே பெயரிட்டார். நாமும் அப்படியே பெயரிடலாம்.

2. ஒரே இரவில் நன்றியும் வியாகுலமும்

நம் ஆண்டவர் நற்கருணையை ஏற்படுத்திய இரவை நினைத்துப் பாருங்கள். 'எயுக்கரிஸ்தியா' என்ற கிரேக்கச் சொல்லுக்கு நன்றி செலுத்துதல் என்பதே பொருள். காட்டிக்கொடுக்கப்படவிருந்த அதே இரவில் அவர் அப்பத்தைக் கையில் எடுத்து நன்றி செலுத்தினார் (1 கொரி. 11:23-24). பின்னர் பந்தியைவிட்டு எழுந்து ஒலிவ மலைக்குச் சென்றார். அங்கே அவரை அச்சம் பிடித்தது, சாவு வருமளவுக்குத் தம் உள்ளம் துயருற்றிருப்பதாகச் சீடரிடம் சொன்னார், அந்தக் கிண்ணம் தம்மைவிட்டு அகலவேண்டும் என்று கெஞ்சினார் (மாற். 14:33-36).

நன்றி செலுத்திய வாயும் கெஞ்சிய வாயும் ஒன்றே. இரண்டும் ஒரே தந்தையை நோக்கியே திறந்தன. எனவே அழுகிறவர் நன்றி கூறமுடியாது என்றும், நன்றி கூறுகிறவர் அழக்கூடாது என்றும் நாம் சட்டம் போடலாகாது.

திருப்பாடல்களும் இதற்குச் சாட்சி பகர்கின்றன. கைவிடப்பட்டவனின் கூக்குரலோடு தொடங்கும் 22ஆம் திருப்பாடல் புகழ்ச்சியில் முடிகிறது. 88ஆம் திருப்பாடலோ அவ்வாறு திரும்புவதே இல்லை. எபிரேய மூலத்தில் அதன் கடைசிச் சொல்லே இருள் என்பதுதான். ஆறுதலான ஒரு முடிவுரையை யாரும் அதற்கு ஒட்டவில்லை. நன்றி என்ற சொல்லை உச்சரிக்க முடியாத நாட்களுக்கும் இறைவன் ஒரு செபத்தைத் தந்திருக்கிறார் என்பதை நோயாளர் அறிந்துகொள்ளட்டும்.

3. ஒரு புனிதத் தந்தையின் கதை

சிறுமலர் தெரேசாவை நாம் எல்லோரும் அறிவோம். அவருடைய தகப்பனார் லூயி மார்ட்டினின் இறுதி ஆண்டுகளை அறிந்தவர் சிலரே.

லூயி பிரான்சு நாட்டின் அலன்சோன் நகரில் கடிகாரத் தொழில் செய்தவர். அவருடைய மனைவி செலி 1877ஆம் ஆண்டு மார்புப் புற்றுநோயால் இறந்தார். ஐந்து பெண்பிள்ளைகளோடு லூயி லிசியே நகருக்குக் குடிபெயர்ந்தார். 1887ஆம் ஆண்டு பாரிசவாதம் அவரை முதன்முதல் தாக்கியது. அடுத்த ஆண்டு ஞாபகமும் தடுமாறத் தொடங்கியது. 1888 யூன் மாதம் யாருக்கும் சொல்லாமல் வீட்டைவிட்டுச் சென்றார்; சில நாட்களின் பின்னரே லு ஹாவ்ர் துறைமுக நகரில் அவரைக் கண்டுபிடித்தார்கள். 1889 பெப்ரவரி 12ஆம் நாள் கான் நகரிலிருந்த மனநோய் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டார். மூன்று ஆண்டுகளுக்கு மேலாக அங்கேயே இருந்தார்.

ஊர் சும்மா இருக்கவில்லை. பிள்ளைகள் ஒவ்வொருவராகத் துறவற மடம் புகுந்ததால்தான், சிறப்பாகக் கடைசி மகள் 15 வயதில் புகுந்ததால்தான், தகப்பனின் மனம் கலங்கியது என்று பேசிக்கொண்டார்கள். மனநோய் வந்த வீட்டின்மேல் பழி போடுவது அன்றும் இருந்தது, அந்த நாட்டிலும் இருந்தது.

தெளிவு வந்த ஒரு வேளையில் லூயி வைத்தியசாலையில் இருந்தோரிடம் மனம் திறந்தார். கட்டளையிட்டே பழகிய தமக்கு இப்போது கீழ்ப்படிவது கடினமாக இருக்கிறது என்றார். ஆயினும் வாழ்வில் சிறுமை என்பதையே அறியாதிருந்த தமக்கு அது தேவைப்பட்டது என்றும் சொன்னார். கடினம் என்பதை அவர் முதலிற் சொன்னார் என்பதைக் கவனியுங்கள்.

இதை அவர் தம்முடைய சிலுவையைக் குறித்துத் தாமே சொன்னார். அதே சொல்லை வேறொருவர் அவரது கட்டிலருகே நின்று, "உமக்கு இது தேவைதான்" என்று சொல்லியிருந்தால் அது எவ்வளவு கொடுமையாக இருந்திருக்கும்! தன் நோயைப் பற்றி ஒருவர் தாமே சொல்லக்கூடியதை, மற்றவர் அவருக்குச் சொல்லலாகாது. நன்றி என்பது நோயாளர் தாமாக எடுத்துவைக்கும் காணிக்கை. அதை யாரும் வரியாக அறவிட முடியாது.

தெரேசாவையும் பாருங்கள். எவ்வளவு துன்பம் வந்தாலும் இன்னும் தாங்குவேன் என்று முன்னர் எண்ணியவர், தகப்பனாரை வைத்தியசாலையில் சேர்த்த அந்த நாளில் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை என்று பின்னர் எழுதினார். தகப்பனார் 1894 யூலை 29ஆம் நாள் இறந்தார். அந்த மூன்று ஆண்டுகளும் விலைமதிப்பற்றவை என்று தெரேசா எழுதியது 1895ஆம் ஆண்டில். அன்று வந்தது கண்ணீர். ஆண்டுகள் கழிந்து பின்னோக்கிப் பார்த்தபோதுதான் நன்றி வந்தது. அவசரப்படுத்தினால் கனி பழுக்காது.

பின்னர் தெரேசாவே காசநோயால் மடிந்தார். கடைசி மாதங்களில் விசுவாச இருளும் அவரைச் சூழ்ந்திருந்தது. தாங்க முடியாத வலியில் இருப்போரின் அருகே நச்சு மருந்துகளை வைத்துவிடவேண்டாம் என்று அவர் தம்மைப் பராமரித்த சகோதரியை எச்சரித்தார். அந்தச் சோதனை எவ்வளவு கிட்டே வரும் என்பதை அவர் அறிந்திருந்தார். திருச்சபை அவரை 1925ஆம் ஆண்டில் புனிதராக உயர்த்தியது. தகப்பனார் லூயியும் தாயார் செலியும் 2015 ஒக்டோபர் 18ஆம் நாள் ஒன்றாகப் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்டார்கள். மனநோய் வைத்தியசாலையில் வாழ்ந்த ஒருவர் இன்று நம் பீடத்தில் இருக்கிறார். அந்த நோயை மறைக்கவேண்டிய வெட்கமாக எண்ணும் குடும்பங்கள் இதை நினைவிற் கொள்ளட்டும்.

4. நன்றி உணர்வு வராவிட்டால்?

மனச்சோர்வு நோய் பிடித்தவருக்கு எதிலும் மகிழ்ச்சி தோன்றாது. பிடித்த உணவும் சுவைக்காது. பெற்ற பிள்ளையின் சிரிப்பும் உள்ளத்தைத் தொடாது. இது அந்த நோயின் அடையாளங்களில் ஒன்று. காய்ச்சல்காரருக்கு உடல் சுடுவதைப் போன்றதே இதுவும். நன்றி உணர்வு எழாததைப் பாவமென்று எண்ணிப் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு ஓடவேண்டியதில்லை. உடல்நோயோடு இந்நோய் சேர்ந்து வருவதும் சாதாரணம். பாரிசவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வும் தொடர்கிறது என்பது வைத்தியர்கள் கண்ட உண்மை.

இறைவாக்கினர் எலியா சூரைச் செடியின் கீழ் அமர்ந்து, சாவை விரும்பினார் (1 அர. 19:4-8). இறைவன் அவரைக் கடிந்துகொண்டாரா? நன்றி சொல் என்றாரா? தூதரை அனுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், உறங்கவிட்டார், மறுபடியும் உணவளித்தார். பேச்சு பின்னரே வந்தது.

ஆகவே வைத்தியரை நாடுவது விசுவாசக் குறைவன்று. மருந்தை மண்ணிலிருந்து படைத்தவர் ஆண்டவரே. செபிக்கவும் வேண்டும், வைத்தியருக்கு இடமளிக்கவும் வேண்டும் என்கிறது சீராக்கின் ஞானநூல் (38:1-14). மனச்சோர்வுக்குத் தரும் குளிசைகள் பலன்தரச் சில வாரங்கள் செல்லும். இடையில் தாமாக நிறுத்திவிடக்கூடாது. விசர் என்று ஏளனம் பண்ணுவதும், செய்வினை என்று அலைவதும், பிள்ளைகளின் கலியாணப் பேச்சுக்கு இடையூறாகும் என்று நோயாளரை ஒளித்துவைப்பதும் வைத்தியத்தைத் தாமதப்படுத்தும். உயிரை மாய்க்கும் எண்ணம் தலைதூக்கினால் ஒரு நாளும் தாமதிக்கவேண்டாம். நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் சொல்லுங்கள், வைத்தியசாலைக்குச் செல்லுங்கள், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியில் பேசலாம்.

5. நாம் செய்யக்கூடியவை

நோயுற்றிருக்கும் வாசகரே, உங்களுக்கு ஒரு சிறு முயற்சி. புனித இஞ்ஞாசியார் கற்பித்த ஆன்மசோதனை நன்றி செலுத்துதலோடுதான் தொடங்குகிறது. அவர் சுகவாழ்வில் இருந்து அதைப் போதிக்கவில்லை. 1521ஆம் ஆண்டுப் போரில் பீரங்கிக் குண்டால் கால் முறிந்தவர்; மன்றேசாவில் மனச்சாட்சிக் கலக்கத்தால் உயிரை மாய்க்கும் சோதனைக்கும் உள்ளானவர். அவரைப் பின்பற்றி, இரவு கண்மூடுமுன் அன்றைய நாளில் ஒன்றே ஒன்றைத் தேடுங்கள். வலி சற்றுத் தணிந்த அரை மணி நேரம், குளிசையை நேரத்துக்கு எடுத்துத் தந்த கை, பெயர் சொல்லி அழைத்த ஒரு தாதி - எதுவாயினும் போதும். ஒன்றும் அகப்படாத இரவில், "ஆண்டவரே, இன்று ஒன்றும் காணவில்லை" என்று சொல்லுங்கள். உண்மையைச் சொல்வதும் செபமே.

நோயாளருக்குரிய அருளடையாளத்தையும் நாடுங்கள். நம் முன்னோர் அதை அவஸ்தைப்பூசுதல் என்று அழைத்து, சாகும் நேரம் வரை ஒத்திவைத்தார்கள். 1972ஆம் ஆண்டில் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் அதன் சடங்கு முறையைப் புதுப்பித்தார். கடும் நோயுற்ற எவரும் அதைப் பெறலாம். கடுமையான மனநோயுற்றவருக்கும் அது மறுக்கப்படுவதில்லை.

நோயாளரின் உறவினரே, அயலவரே, உங்களுக்கும் ஒரு கடமை உண்டு. திமிர்வாதக்காரனை நான்கு பேர் சுமந்து வந்து கூரையைப் பிரித்து இறக்கியபோது, இயேசு அவர்களுடைய விசுவாசத்தையே கண்டார் என்று மாற்கு எழுதுகிறார் (2:3-5). படுத்திருந்தவன் ஒரு வார்த்தையும் பேசியதாக அங்கே எழுதப்படவில்லை. நன்றி கூற இயலாதவருக்குப் பதிலாக நாம் திருப்பலியில் நன்றி கூறலாம். அவரையும் அந்த நன்றிக்குள் சுமந்து செல்லலாம். சந்திக்கப் போகும்போது உபதேசத்தைக் குறைத்து, ஒரு வேளைச் சாப்பாட்டைக் கொண்டுசெல்லுங்கள். இரவு முழுவதும் விழித்திருந்த மனைவியைச் சற்று உறங்கவிட்டு, நீங்கள் கட்டிலருகே அமருங்கள். நன்றி சொல்லுங்கள் என்று கேட்பதைவிட, நன்றி சொல்வதற்கு ஒரு காரணத்தை அந்த வீட்டில் வைத்துவிட்டு வருவதே மேல்.

குடும்பமாகச் சிந்திக்க:

1. நமது பங்கில் நீண்டகாலமாக நோயுற்றிருப்பவர்கள் யார்? அவர்களை நாம் கடைசியாக எப்போது சந்தித்தோம்?

2. மனநோயைப் பற்றி நம் வீட்டில் எப்படிப் பேசுகிறோம்? பிள்ளைகள் அதைக் கேட்டு என்ன கற்றுக்கொள்கிறார்கள்?

3. 88ஆம் திருப்பாடலை ஒருமுறை மெதுவாக வாசியுங்கள். இன்று யாருக்காக அதைச் செபிக்கலாம்?