ஸ்கூட்டர் இழுக்கவில்லையா?

த்ராட்டிலைத் திருகினால் சத்தம் மட்டும் ஏறுகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. உடனே 'இன்ஜின் போச்சு' என்று பயப்பட வேண்டாம். கியர் இல்லாத ஸ்கூட்டரில் இது பெரும்பாலும் இடப்பக்க மூடிக்குள் இருக்கும் பெல்ட், கிளட்ச், ரோலர் சமாசாரம்தான்.

முதலில் காதைத் தீட்டுங்கள். இன்ஜின் சீறியும் வேகம் கூடவில்லை என்றால் பெல்ட்டோ கிளட்சோ வழுக்குகிறது. இன்ஜினே திக்கித் திணறினால் ஏர் ஃபில்டர், பிளக், பெட்ரோல் வரும் வழி இவற்றைப் பாருங்கள். அதற்குப் பெல்ட் மாற்றுவது வீண் செலவு. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது மட்டும் உதறினால் கிளட்ச் ஷூ. போகும்போது இழுவை சீராக இல்லாமல், உள்ளே கடகடவென்று சத்தமும் கேட்டால், ஒருபக்கம் தட்டையாகத் தேய்ந்த ரோலர்களாக இருக்கலாம்.

சென்டர் ஸ்டாண்டு போட்டு, இன்ஜினை அணைத்து, பின் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்ற இறுக்கமாக இருந்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கலாம். பாதிப் பேர் இதைப் பார்ப்பதே இல்லை.

மூடியைக் கழற்றும்போது மெக்கானிக் பக்கத்தில் நில்லுங்கள். பெல்ட்டின் பல் இடுக்குகளில் வெடிப்பு இருக்கிறதா, ஓரம் பளபளப்பாகிவிட்டதா, அகலம் கையேட்டில் சொன்ன அளவுக்குக் கீழே போய்விட்டதா என்று கேளுங்கள். பெல்ட்டில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் புது பெல்ட் மட்டும் போதாது; கசியும் ஆயில் சீலையும் மாற்றியாக வேண்டும்.

சிக்னலில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே த்ராட்டிலை முறுக்குவது கிளட்ச்சைக் கருக்கிவிடும்.