பூங்காவுக்குள் பசித்தால்: கண்டனூரிலிருந்து கிளம்பும் குடும்பத்துக்குச் சாப்பாட்டு வழிகாட்டி

நுழைவுச்சீட்டின் விலையை எல்லோரும் வீட்டிலேயே பார்த்துவிடுகிறார்கள். பெரியவருக்கு எவ்வளவு, பிள்ளைக்கு எவ்வளவு, எத்தனை அடி உயரத்துக்கு மேல் போனால் முழுச் சீட்டு என்பதெல்லாம் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே மனப்பாடம். சாப்பாட்டின் விலை மட்டும் உள்ளே போய், பசி எடுத்து, வரிசையில் நின்ற பிறகுதான் தெரிகிறது. அந்த நேரத்தில் யாரும் பேரம் பேசுவதில்லை. பிள்ளை அழுகிறது, வாங்கிக் கொடுத்துவிடுகிறோம்.

பூங்கா நடத்துகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கேளிக்கைப் பூங்காவும் உணவு வியாபாரமும் ஒட்டிப் பிறந்தவை என்பதற்கு அமெரிக்காவில் ஓர் உதாரணமே உண்டு. கலிபோர்னியாவில் பெர்ரிப் பழத்தோட்டம் வைத்திருந்த நாட் குடும்பத்தில், கார்டீலியா நாட் என்ற அம்மாள் 1934இல் கோழிச் சாப்பாடு போட்டு விற்கத் தொடங்கினார். ஒரு சாப்பாடு 65 சென்ட். கூட்டம் மணிக்கணக்கில் காத்து நின்றது. காத்திருப்பவர்களுக்குப் பொழுது போகட்டும் என்று 1940இல் அவர் கணவர் பழைய மேற்கத்திய ஊர் ஒன்றைப் போலக் கட்டிடங்களை எழுப்பினார். அதுவே வளர்ந்து இன்று நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் என்ற பெரிய பூங்காவாக நிற்கிறது. அங்கே சாப்பாடு முதலில் வந்தது, ராட்டினம் பிறகு வந்தது.

கண்டனூரிலிருந்து கிளம்பும் ஒரு குடும்பத்துக்கு முன்னால் இன்று நான்கு வழிகள் இருக்கின்றன: ஒரே நாளில் போய்வரும் மதுரை, ஓர் இரவாவது தங்க வேண்டிய சென்னை, மலையாளக் கரையில் இருக்கும் கொச்சி, சொந்தக்காரர்கள் இருந்தால் சிங்கப்பூர். நான்கிலும் சாப்பாட்டுக் கணக்கு வேறு வேறு விதமாக நடக்கும். ஒன்றுக்குச் சரியான வழி மற்றொன்றுக்குச் சரிவராது.

முதலில் மதுரை. காரைக்குடி, திருப்பத்தூர், மேலூர் வழியாகப் போய், மதுரையைச் சுற்றித் திண்டுக்கல் சாலையில் ஏறினால் பரவையில் அதிசயம் பூங்கா. காலை ஆறரைக்குக் கண்டனூரை விட்டால் பூங்கா திறக்கும் நேரத்துக்கு நிதானமாகப் போய்ச் சேரலாம். நான்கு வழிகளில் வீட்டுச் சாப்பாடு முழுமையாகக் கைகொடுப்பது இந்த ஒன்றில்தான்.

கணக்குக்காக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஆயா என்று ஐந்து பேர். வழியில் ஓட்டலில் காலைப் பலகாரம் தலைக்கு 120 ரூபாய், பூங்காவுக்குள் மதியச் சாப்பாடு 250, சாயங்காலத் தீனி 100, இரவு மதுரையில் சாப்பாடு 180 என்று வைத்தால், ஐந்து பேருக்கு 3,250 ரூபாய் ஆகிறது. இதே குடும்பம் காலை இட்லியை வீட்டிலிருந்து எடுத்துப் போய், பூங்கா வாசலுக்குப் போகும் முன் பத்து மணிவாக்கில் கட்டுச்சோறும் சாப்பிட்டுவிட்டால், அந்த இரண்டு வேளைக்கும் அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் சேர்த்து 350 ரூபாய்க்குள் அடங்கும். உள்ளே சாயங்காலத் தீனிக்கு 500, இரவுச் சாப்பாட்டுக்கு 900. மொத்தம் 1,750. மிச்சம் 1,500 ரூபாய். விலைகள் பருவத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப மாறும். ஆனால் மிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்: ஏறக்குறைய முழுவதும் அந்த ஒரு மதியச் சாப்பாட்டிலிருந்தும் வழி ஓட்டலிலிருந்தும்தான். தீனியையோ தண்ணீரையோ குறைத்துப் பிள்ளைகளின் முகத்தை வாட விட வேண்டிய அவசியமே இல்லை.

பத்து மணிக்குச் சோறா என்று கேட்கலாம். வழியில் இரண்டு இட்லி சாப்பிட்ட பிள்ளைக்குப் பத்து மணிக்குப் பசி வந்துவிடும். அப்போது வயிறு நிறைய உண்டால் இரண்டரை, மூன்று மணி வரை தாங்கும். பூங்கா உணவகங்களில் கூட்டம் நெரிவது ஒரு மணியிலிருந்து இரண்டரை வரை. அந்த நேரத்தில் சவாரிகளின் வரிசை சற்றுக் குறையும். மற்றவர்கள் தட்டேந்தி நிற்கும்போது உங்கள் பிள்ளைகள் சவாரி ஏறுவார்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: சாப்பிட்ட உடனே தலைகீழாகச் சுழற்றும் சவாரிகளில் ஏறக்கூடாது. முதல் ஒரு மணி நேரம் நடை, சிறு சவாரிகள். தண்ணீர் விளையாட்டை மதியத்துக்கு மேல் வைத்துக்கொண்டால் வெயிலுக்கும் இதம்.

கட்டுச்சோறு என்றால் எது என்பதில் செட்டிநாட்டு வீடுகளுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கும் நகரத்தார் தலைமுறை தலைமுறையாகக் காவடியோடு சமையலுக்கும் ஏற்பாடு செய்துகொண்டு போகிறவர்கள். இருந்தாலும் மே மாத வெயிலில் கார் என்பது வேறு விஷயம். சமைத்த உணவில் 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் வெளியே இருப்பதைவிட அதிகச் சூடு ஏறும். ஆகவே, காரில் வைத்துவிட்டு ஒரு மணிக்கு வந்து சாப்பிடலாம் என்ற திட்டம் தயிர்சாதத்துக்கு ஆகாது. புளியோதரை தாங்கும், புளியின் புளிப்பும் நல்லெண்ணெயும் அதற்குக் காவல். சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட்டு, எண்ணெய் விட்டுப் பிசிறி, பிறகு புளிக்காய்ச்சல் கலக்க வேண்டும். சூட்டோடு மூடி வைத்தால் வியர்த்து நீர்விடும். இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம். மிளகாய்ப்பொடியை நல்லெண்ணெயில் குழைத்து இட்லியின் இரு பக்கமும் தடவி அடுக்கிவிடலாம். தயிர்சாதம் கட்டாயம் வேண்டும் என்றால் காய்ச்சிய பாலை நிறைய விட்டுத் தயிரைக் கொஞ்சமாகச் சேர்த்து, பத்து மணி வேளைக்கே முடித்துவிட வேண்டும். முட்டையும் கறியும் அன்றைக்கு வீட்டோடு இருக்கட்டும்.

காருக்குள் பகல் முழுக்கக் கெடாமல் இருக்கும் வகை ஒன்று உண்டு. தேன்குழல், சீப்புச்சீடை, கைமுறுக்கு, மாவுருண்டை, அதிரசம். ஆறு மணிக்குப் பூங்காவை விட்டு வெளியே வரும் பிள்ளைகள் எதிரே தெரியும் முதல் கடையில் நுழையாமல் இருப்பதற்கு இந்த ஒரு டப்பா போதும். வீட்டில் செய்ய ஆள் இல்லையென்றால் காரைக்குடியிலேயே பலகாரம் கிடைக்கும். மதுரைப் பெருவழியோரம் வாங்குவதைவிட முன்கூட்டியே வாங்கிவிடுவது நல்லது. எடுத்துப் போவதற்கு எவர்சில்வர் டப்பாவும் வாழையிலையும் போதும். பிளாஸ்டிக் தாள் விரித்த தட்டு, உறிஞ்சுகுழல், தண்ணீர்ப் பாக்கெட் முதலியவற்றுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது.

இனி வாசலில் நடப்பதைப் பார்க்க வேண்டும். வெளி உணவு உள்ளே வரக்கூடாது என்று பல பூங்காக்கள் சொல்கின்றன. பையைத் திறந்து பார்ப்பதும் உண்டு. இதை எதிர்த்து வாதாடிப் பயனில்லை. திரையரங்கு வழக்கு ஒன்றில் 2023 ஜனவரி 3 அன்று உச்ச நீதிமன்றம், வெளி உணவைத் தடுக்க உரிமையாளருக்கு உரிமை உண்டு என்றே சொன்னது. அதே வேளையில் நல்ல குடிநீர் இலவசமாகத் தரவேண்டும், கைக்குழந்தைக்கான உணவைப் பெற்றோர் கொண்டுபோகலாம் என்றும் குறிப்பிட்டது. அது திரையரங்குகளைப் பற்றிய தீர்ப்பு. ஆனாலும் பூங்காவில் குடிநீர்க் குழாய் எங்கே என்று தயங்காமல் கேளுங்கள். ஆளுக்கொரு காலி பாட்டில் எடுத்துப் போவதுதான் ஐந்து பேர் குடும்பத்துக்கு மிக எளிய சேமிப்பு. புறப்படும் முன் தொலைபேசியில் மூன்று கேள்விகள் கேட்டுவிட வேண்டும். வெளி உணவு உண்டா? வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்ப நுழைய விடுவார்களா? முதியவர், சர்க்கரை நோயாளிக்கு விதிவிலக்கு உண்டா? ஆயாவுக்கு மருந்தோடு எதையாவது சாப்பிட்டே ஆக வேண்டும் என்றால் மூன்றாவது கேள்விதான் முதலில்.

உள்ளே வாங்கும் பொருளில் அச்சிட்ட விலையையும் பார்க்க வேண்டும். கடையில் எடுத்துக் கொடுக்கும் தண்ணீர் பாட்டில், பிஸ்கட், ஐஸ்கிரீம் ஆகியவற்றை எம்.ஆர்.பி.க்கு மேல் விற்பது எடையளவுச் சட்ட விதிகளின்படி குற்றம். ஒரே பொருளுக்கு வெளியே ஒரு விலை, உள்ளே ஒரு விலை என்று அச்சிடுவதும் 2018 ஜனவரி முதல் கூடாது. உட்காரவைத்துப் பரிமாறும் உணவகம் என்றால் நிலைமை மாறும். அங்கே பாட்டில் தண்ணீருக்குக் கூடுதலாக வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. எனவே தண்ணீரும் ஐஸ்கிரீமும் கடையில் வாங்குங்கள், மேசையில் உட்கார்ந்து கேட்காதீர்கள். கூடுதல் விலை கேட்டால் ரசீதை வாங்கிக்கொண்டு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

சென்னை வேறு கதை. காரைக்குடியிலிருந்து விடியற்காலையில் புறப்படும் பல்லவன் எக்ஸ்பிரஸ் மதியம் எழும்பூர் சேர்கிறது. ரயிலிலேயே இரண்டு வேளை கழியும் என்பதால் அன்றைக்குக் கட்டுச்சோறு நல்ல பலன் தரும். ரயில் நிலையங்களில் ரயில் நீர் ஒரு லிட்டர் 2025 செப்டம்பர் 22 முதல் 14 ரூபாய். பூங்கா மறுநாள்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வி.ஜி.பி., எம்.ஜி.எம்.; திருப்போரூர்ப் பக்கம் 2025 டிசம்பரில் திறந்த வொண்டர்லா. வொண்டர்லாவில் கைக்குழந்தை உணவு தவிர வெளி உணவுக்கு இடமில்லை. கொச்சியில் பள்ளிக்கரையில் இருக்கும் அதே நிறுவனத்தின் பூங்காவிலும் இதே விதிதான். 2000இல் வீகாலேண்ட் என்ற பெயரில் திறந்தது அது. அங்கே போக எர்ணாகுளம்–வேளாங்கண்ணி எக்ஸ்பிரஸ் காரைக்குடி வழியாகவே ஓடுகிறது.

இத்தகைய பூங்காவில் வீட்டுச் சோற்றை நம்பாமல் கேட்க வேண்டிய கேள்வி: நுழைவுச்சீட்டோடு சாப்பாட்டையும் சேர்த்து வாங்குவதா, உள்ளே போய்த் தேவைக்கு வாங்குவதா? சேர்த்து வாங்குவது பதின்ம வயதுப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு லாபம். தண்ணீரில் மூன்று மணி நேரம் ஆடிவிட்டு வரும் பதினைந்து வயதுப் பையன் அளவில்லாச் சாப்பாட்டின் விலையை ஈடுகட்டிவிடுவான். நான்கு வயதுக் குழந்தையும் அரை வயிறு உண்ணும் ஆயாவும் இருக்கும் வீட்டுக்கு அது நட்டம். அவர்கள் மூன்று சாப்பாட்டை ஐந்து பேர் பகிர்ந்து உண்ணலாம். சேர்த்து வாங்கும் முன் குழந்தைக்குத் தனி விலை உண்டா, எத்தனை மணி வரை பரிமாறுவார்கள் என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

சென்னையில் காலைப் பலகாரத்தை உறவினர் வீட்டிலோ தெருமுனை மெஸ்ஸிலோ முடித்துவிடுவது நல்லது. அம்மா உணவகத்தில் 2013 முதல் இட்லி ஒரு ரூபாய். யார் வேண்டுமானாலும் சாப்பிடலாம். கடற்கரைச் சாலை ஓட்டல்களில் கடல் தெரிவதற்கும் சேர்த்துத்தான் விலை போடுகிறார்கள்.

சிங்கப்பூர் போகும் வீடுகள் கண்டனூர் வட்டாரத்தில் குறைவில்லை. கடல் கடந்த உறவு நகரத்தாருக்குப் பழையது. திருச்சியிலிருந்து விமானம் ஏறினால் சில மணி நேரம். செந்தோசாவில் 2010இல் திறந்த யுனிவர்சல் ஸ்டூடியோஸ் உள்ளே சாப்பிட்டால் சிங்கப்பூர் வெள்ளிக்கு நம் ரூபாயில் கணக்குப் போட்டே தலை சுற்றும். தீவுக்குப் போகும் ரயில் விவோசிட்டி வணிக வளாகத்திலிருந்து புறப்படுகிறது. அங்கே உணவுக்கூடம் இருக்கிறது. போகும்போது அங்கே வயிறு நிறைத்துக்கொண்டு, இரவுச் சாப்பாட்டைத் தேக்கா நிலையத்தில் வைத்துக்கொள்ளலாம். அந்த ஊர் உணவங்காடிப் பண்பாட்டை 2020இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. விலை மலிவும் சேர்ந்துதான் அந்தப் பெருமை. ஊரிலிருந்து முறுக்கும் அதிரசமும் கொண்டுபோகலாம். கோழி ஊறுகாய், கறிவகை எதையும் பெட்டியில் வைக்கக்கூடாது. இந்தியாவிலிருந்து இறைச்சி கொண்டுவர அங்கே அனுமதியில்லை.

எந்த நாட்டுப் பூங்காவானாலும் விதியைக் கேட்டுவிட்டே போக வேண்டும். அமெரிக்காவின் டிஸ்னி பூங்காக்கள் வீட்டுச் சாப்பாட்டை உள்ளே விடுகின்றன. டோக்கியோ டிஸ்னி விடுவதில்லை, வாசலுக்கு வெளியே உட்கார்ந்து சாப்பிட இடம் மட்டும் ஒதுக்கியிருக்கிறது. பெயர் ஒன்றுதான், வழக்கம் இரண்டு.

முதல் தடவை பிள்ளைகளைக் கூட்டிப் போகும் வீடு மதுரையைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. பயணம் குறைவு, கட்டுச்சோறு கெடுவதற்குள் வேளை வந்துவிடும், மிச்சமான 1,500 ரூபாயைச் செலவழிக்க ஊரும் வாய்ப்பான ஊர். சாயங்காலம் பூங்காவிலிருந்து நேரே கண்டனூருக்குத் திரும்பாமல் நகருக்குள் வந்தால் ஜிகர்தண்டா இருக்கிறது; அசைவம் உண்பவர்களுக்குச் சிம்மக்கல் கோனார் மெஸ்ஸின் கறிதோசை இருக்கிறது. பூங்காவில் ஒருவரின் மதியச் சாப்பாட்டுக்குக் கொடுக்கவிருந்த பணத்தில் அங்கே ஒருவர் திருப்தியாகச் சாப்பிட்டு எழலாம். எட்டு மணிக்குள் சாப்பிட்டுக் கிளம்பினால் பத்தரைக்குள் வீடு. வண்டி ஓட்டுபவர் மட்டும் தோசையை ஒன்றோடு நிறுத்திக்கொள்ளட்டும். மேலூரைத் தாண்டியதும் தூக்கம் கண்ணைக் கட்டும்.