கதவு திறந்த பெண்கள்

பண்டைய கிரேக்கத்தின் ஏதென்ஸ் நகரில் அஸ்பாசியா என்னும் அறிஞர் வாழ்ந்தார். பேச்சுக்கலையில் வல்லவர் என்று பிளேட்டோவின் நூலே அவரைக் காட்டுகிறது. ஆனால் அந்நகரில் பெண்களுக்கு வாக்கும் இல்லை, பதவியும் இல்லை. நம் சங்ககால ஒளவையோ, அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றவர்.

இவ்விரு கதைகளையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். பழவங்காடிப் பிள்ளையாரை வணங்கிக் கிழக்கேகோட்டைக்குள் நுழையும் அவர்கள், இந்நகரிலிருந்து நாடாண்ட பெண்களையும் அறிய வேண்டும் என்பது என் விருப்பம்.

1810-இல் திருவிதாங்கூர் ஆட்சிக்கு வந்த ராணி கௌரி லட்சுமி பாய், 1812-இல் அடிமை வணிகத்தைத் தடைசெய்தார். 1815-இல் அவர் மறைந்தபின், குழந்தை சுவாதித் திருநாளுக்காக ஆட்சியை ஏற்றவர் தங்கை கௌரி பார்வதி பாய். அப்போது அவருக்கு வயது 13 தான்! மக்களின் கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்ற புகழ்பெற்ற ஆணை 1817-இல் அவர் பெயரில் வெளியாயிற்று.

மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. நாடார் பெண்கள் உயர்சாதிப் பெண்களைப்போல் தோள்சீலை அணியக்கூடாது என்ற தடையை 1829-இல் உறுதிசெய்ததும் அவர் காலத்து ஆணையே. நெடிய போராட்டத்துக்குப் பிறகு 1859-இல்தான் மேலாடை உரிமை கிடைத்தது. 1956 வரை திருவிதாங்கூர்ப் பகுதியோடு இருந்த குமரி மாவட்டத்துக் குடும்பங்களுக்கு இது சொந்த வரலாறு. அரியணையில் பெண் அமர்ந்தால் மட்டும் போதாது. யாருக்குக் கதவு திறந்தார் என்றும் பார்க்க வேண்டும் என்பேன்.

மேரி புன்னன் லூக்கோஸ், பெண் என்பதால் இங்கே அறிவியல் படிக்க இடம் கிடைக்காமல் வரலாறு படித்தவர். பின்னர் லண்டன் சென்று மருத்துவரானார். அவரை 1924-இல் மருத்துவத் துறைக்குத் தலைவராக்கிச் சட்டசபைக்கும் நியமித்தது, அவ்வாண்டு ஆட்சியேற்ற ராணி சேது லட்சுமி பாயின் அரசு. இந்நகரில் வளர்ந்த அன்னா சாண்டி 1937-இல் முன்சீப் ஆனார். 1959-இல் கேரள உயர்நீதிமன்ற நீதிபதியானார். இந்தியாவில் உயர்நீதிமன்ற நீதிபதியான முதல் பெண் அவரே.

அஸ்பாசியாவின் சொல்லை நாம் ஆண்கள் எழுதியதிலிருந்தே அறிகிறோம். இப்பெண்களோ ஆணைகளையும் தீர்ப்புகளையும் விட்டுச் சென்றிருக்கிறார்கள்.

பிள்ளைகளே, சிந்தியுங்கள்:

1. 1817 ஆணையையும் 1829 ஆணையையும் ஒப்பிட்டால் என்ன தெரிகிறது?

2. உங்கள் பாட்டி எந்த வகுப்புவரை படித்தார்? ஏன் அத்துடன் நின்றது? இன்றே கேட்டு எழுதி வையுங்கள்.