கிணத்து நீச்சலும் கோவாக் கடலும்

எங்கள் பக்கத்தில் நாற்பது வயதைத் தாண்டியவர்களில் பலரும் நீச்சலைக் கிணற்றில்தான் கற்றோம். காய்ந்த சுரைப்புருடையை முதுகில் கட்டி, மாமா மேல்படியிலிருந்து தள்ளிவிடுவார். தண்ணீர் குடித்து, இருமி, கையைக் காலை உதைத்துப் படியைப் பிடிப்போம். சில நாளில் புருடையை அவிழ்த்துவிடுவார்கள். அதோடு நீச்சல் வந்துவிட்டது என்று கணக்கு.

அந்தக் கணக்குதான் இன்று நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லான் பக்கம் திரும்பும் கோவைக்காரர்களை முதலில் ஏமாற்றுகிறது. “ஓடறதுக்கும் சைக்கிளுக்கும்தானுங்க பயிற்சி வேணும், நீச்சல் நமக்குத் தெரிஞ்சதுதானுங்களே” என்று எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நானும் சொல்லியிருக்கிறேன்.

பெரும்பாலோர் குறிவைப்பது கோவாவில் நடக்கும் அயர்ன்மேன் 70.3. 2019 அக்டோபர் 20 அன்று பனாஜியின் மிராமார் கடற்கரையில் முதன்முதலாக நடந்தது. கடலில் 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம். எல்லாவற்றையும் எட்டரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். நீச்சலுக்கு மட்டும் ஒரு மணி பத்து நிமிடம்.

கிணற்றில் நாம் கற்றது மூழ்காமல் இருக்கும் வித்தை. தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கி வைத்தே பழகிவிட்டோம். தலை உயர்ந்தால் இடுப்பும் காலும் தாழும்; உடம்பே தண்ணீரைத் தடுக்கும் பலகையாகிவிடும். பத்தடி போவதற்கு அது பரவாயில்லை. 25 மீட்டர் குளத்தில் 1.9 கிலோமீட்டர் என்பது 76 நீளம். ஒவ்வொரு நீளத்தின் முடிவிலும் உதைத்துத் தள்ள ஒரு சுவர் இருக்கிறது, மூச்சு வாங்க ஒரு நொடி கிடைக்கிறது. கடலில் சுவரும் கிடையாது, தரையில் கோடும் கிடையாது. சில வீச்சுகளுக்கு ஒருமுறை கண்ணை மட்டும் உயர்த்தி மிதவையைப் பார்க்காவிட்டால் கோணலாகவே போய்க்கொண்டிருப்போம். சுற்றிலும் அடுத்தவர் கை கால் இடிக்கும்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. அமெரிக்க டிரையத்லான்களில் 1985 முதல் 2016 வரை நேர்ந்த திடீர் மரணங்களையும் இதயத் துடிப்பு நின்றுபோன நிகழ்வுகளையும் ஒரு ஆய்வு திரட்டியது. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு நீச்சல் பகுதியில் நடந்தவை. பெரும்பாலும் ஆண்கள், வயது கூடக் கூட அபாயமும் கூடியது. நாற்பதைத் தாண்டியவர் பதிவுக் கட்டணத்தைச் செலுத்தும் முன் இதயப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பயிற்சிக்காக அணையிலும் ஏரியிலும் தனியாக இறங்கக் கூடாது. இந்த இரண்டில் எனக்குச் சமரசமே கிடையாது.

அடுத்தது காற்று. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்றை எதிர்த்து மேற்கே மிதித்தவர்களுக்கு அது எப்படியிருக்கும் என்று தெரியும். “போகும்போது பிடிச்சாலும் வரும்போது தள்ளிவிடும், சரியாப் போயிரும்” என்று சொல்லிக்கொள்வோம். சரியாகப் போகாது. காற்றில்லாத நாளில் 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் எதிர்க்காற்றில் 22, பின்காற்றில் 38 என்று போவதாக வைத்துக்கொள்ளுங்கள். 45 கிலோமீட்டர் போய்த் திரும்பினால் மூன்று மணி நேரத்துக்குப் பதில் ஏறக்குறைய மூன்றே கால் ஆகும். எதிர்க்காற்றில் நாம் அதிக நேரம் இருக்கிறோம், விஷயம் அவ்வளவுதான். காற்றோடு மல்லுக்கட்டி 30-ஐப் பிடிக்கப் பார்ப்பவர் ஓட்டம் தொடங்கும் முன்பே காலி. முதுகைத் தாழ்த்தி, முழங்கையை ஒடுக்கி, அதே உழைப்பை வைத்துக்கொண்டு வேகம் குறைவதை ஏற்க வேண்டும். காற்றுத் தடையில் பெரும்பங்கு சைக்கிளால் அல்ல, அதன் மேல் உட்கார்ந்திருக்கும் உடம்பால் வருகிறது. லட்சக்கணக்கில் சைக்கிள் வாங்கும் முன் உட்காரும் விதத்தைச் சரிசெய்யுங்கள்.

இனி, மிகவும் ஆபத்தான நம்பிக்கை: தாகம் எடுக்கும் முன்பே, எவ்வளவு முடியுமோ அவ்வளவு குடி. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். 13 சதவீதம் பேருக்கு சோடியம் இயல்பைவிடக் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போதே எடை கூடியவர்களிடம், அதாவது வியர்த்ததைவிட அதிகமாகக் குடித்தவர்களிடம், இது தெளிவாகத் தெரிந்தது. தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் என அறிகுறிகள் நீர் வற்றியதைப் போலவே இருக்கும். கூட இருப்பவர் பதறிப்போய் இன்னும் தண்ணீர் ஊற்றுவார். அதுவே உயிரைப் பறிக்கலாம். விரலில் மோதிரமும் கையில் கடிகாரப் பட்டையும் இறுகத் தொடங்கினால் குடிப்பதை நிறுத்துங்கள். தாகத்துக்குக் குடித்தால் போதும்.

“பொள்ளாச்சி இளநீர் இருக்க வேறென்ன வேணும்?” என்பதும் இதோடு சேர்ந்ததுதான். இளநீர் எனக்கும் பிடிக்கும். ஆனால் அதில் நிறைய இருப்பது பொட்டாசியம். வியர்வையில் நாம் இழப்பது முக்கியமாக சோடியம். கோவையின் காலைக் குளிரில் பழகிய உடம்பு கோவாவின் ஈரக்காற்றில் கொட்டித் தீர்க்கும். அங்கே வியர்வை ஆவியாகாமல் வழியும், உடம்பு குளிராது. உப்புப் போட்ட மோர் இளநீரைவிட நல்லது. நீண்ட சைக்கிள் நாட்களில் ஓ.ஆர்.எஸ். கரைசல் இன்னும் நம்பகமானது. ஆனால் அளவுமீறிக் குடிப்பவரை எந்த உப்பும் காப்பாற்றாது.

கோவை ரேஸ்கோர்ஸில் காலை நடையில் பெரியவர்கள் என்னை நிறுத்திச் சொல்வது: “முட்டி தேஞ்சு போயிருமுங்க தம்பி.” 2017-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 சதவீதம், ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களில் 10.2 சதவீதம். போட்டிக்காகத் தீவிரமாக ஓடுபவர்களில் 13.3. பயப்பட வேண்டியது அளவான ஓட்டத்துக்கல்ல.

டிரையத்லான் பெண்களுக்கு ஆகாது என்பவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. 1979-இல் ஹவாயில், 70.3-ஐப்போல் இரு மடங்கு தூரமுள்ள முழு அயர்ன்மேனை முடித்த முதல் பெண்ணான லின் லெமேர், ஆண்கள் உட்பட எல்லோரிலும் ஐந்தாவதாக வந்தார். நம் அனு வைத்தியநாதன் 2009-இல் கனடாவில் அல்ட்ராமேன் முடித்தார்: மூன்று நாளில் 10 கிலோமீட்டர் நீச்சல், 420 கிலோமீட்டர் சைக்கிள், 84 கிலோமீட்டர் ஓட்டம்.

என்னை உண்மையில் வருத்துவது வேறொன்று. கொங்கு மண்ணில் உழைப்புக்கு மிஞ்சிய மரியாதை வேறில்லை. சும்மா உட்கார்ந்திருப்பவரை நாம் மதிப்பதில்லை. தறியிலும் லேத்திலும் தோட்டத்திலும் அந்தக் குணம் நம்மை உயர்த்தியது. அதையே பயிற்சிக்குக் கொண்டுவரும்போது, தினமும் உயிரைக் கொடுத்து ஓடினால்தான் பயிற்சி என்று ஆகிவிடுகிறது. நார்வேயில் பணிபுரியும் உடலியலாளர் ஸ்டீபன் சைலர் உலகத்தரமான வீரர்களின் பயிற்சிகளை ஆராய்ந்தபோது, ஐந்தில் நான்கு அமர்வுகள் பேசிக்கொண்டே போகும் அளவுக்கு மெதுவானவை என்று கண்டார். அமெச்சூர்களாகிய நாம் எல்லா நாளும் நடுத்தர வேகத்தில் மூச்சிரைக்கிறோம். மெதுவாகவும் போவதில்லை, கடினமான நாளில் கடினமாகப் போகத் தெம்பும் இருப்பதில்லை. மோட்டார் செய்யும் ஊர் நம்முடையது. ஓவர்லோடில் ஓட்டிக்கொண்டே இருந்தால் காயில் கருகிவிடும் என்று இங்கே சின்னப் பையனுக்கும் தெரியும். எனக்குத் தெரிந்தும், மூன்று மாதம் ஓய்வே இல்லாமல் ஓடி, கீழ்க்கால் எலும்பில் மெல்லிய விரிசலோடு ஆறு வாரம் உட்கார்ந்தேன்.

போட்டிக்கு முந்தைய இரண்டு வாரம் பயிற்சி அளவைப் பாதியாகக் குறைப்பதே சிறந்தது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. வேகத்தைக் குறைக்க வேண்டாம், தூரத்தைத்தான். அந்த நாட்களில் விடியற்காலை விழிப்பு வந்துவிடும், கால் துறுதுறுக்கும். போன வருடம் அப்படி எழுந்து இருட்டில் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து அம்மா குரல் வந்தது: “கண்ணு, நீதான இந்த வாரம் சும்மா இருக்கோணும்னு சொன்னே?” லேஸை அவிழ்த்துவிட்டு, வாசலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடித்தேன்.