டேங்க் மூடியைத் திறக்கும் முன்

மக்களே, கொச்சி மட்டாஞ்சேரியின் ஜூ டவுனுக்குக் கிழக்கே காயல். தெற்கே சற்றுத் தள்ளித் தோப்பும்படி மீன்பிடித் துறைமுகம். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று நம் குமரிக் கரைக்காரர்களின் போட்டுகள் அங்கிருந்து ஆழ்கடலுக்குப் போகின்றன. திரும்பி வர வாரக் கணக்காகும். டீசல் எவ்வளவு மிச்சம் என்று போட்டை ஓட்டும் ஸ்ராங்குக்குச் சொல்வது கேஜில் இருக்கும் ஒரு முள். அந்த முள்ளுக்குக் கணக்குச் சொல்லும் ஃப்ளோட்டை மாற்றத்தான் உங்களைக் கூப்பிடுவார்கள். ஜூன் 9 நள்ளிரவில் கேரளத்தின் 52 நாள் டிராலிங் தடை தொடங்கியதும் போட்டுகள் கரையில் நிற்கும், வேலை குவியும். அதற்கு முன் இவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்.

1. ஃப்ளோட்தான் கெட்டது என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் ஃப்ளோட்டுக்குப் போகும் ஒயரைக் கழற்றி, மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். அளவு சரியாக வந்தால் பழுது ஒயரிலோ கேஜிலோ இருக்கிறது. பல போட்டுகளில் குற்றவாளி எர்த் ஒயர்தான். காயலின் உப்புக் காற்றில் சாதாரணச் செம்பு ஒயர் உறைக்குள்ளேயே கறுத்துப்போகும். வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர் போட்டு, முனையை நன்றாக அழுத்திக் கட்டுங்கள். புது ஃப்ளோட்டுக்குக் காசு செலவழித்த பிறகு எர்த்தைத் தேடுவது படகுக்காரருக்குச் செய்யும் அநியாயம்.

2. கேஜும் ஃப்ளோட்டும் ஒரே கணக்கில் பேச வேண்டும். அமெரிக்க வகையில் டேங்க் காலியானால் 240 ஓம், நிறைந்தால் 33. ஐரோப்பிய வகையில் காலிக்கு 10, நிறைவுக்கு 180. ஒன்றின் ஃப்ளோட்டை மற்றதன் கேஜோடு சேர்த்தால் முள் தலைகீழாகக் காட்டும்: டேங்க் வற்ற வற்ற முள் ஏறும். கடையில் “எல்லாத்துக்கும் சேரும்” என்று சொன்னால் நம்ப வேண்டாம். அங்கேயே மீட்டரை வைத்து இரண்டு முனையிலும் அளந்து வாங்குங்கள்.

3. இதை நிதானமாகப் படியுங்கள். படகின் டேங்க் பெட்டி வடிவில் இருப்பது அபூர்வம். அடிப்பலகையின் சரிவுக்கு ஏற்ப மேலே அகன்று கீழே ஒடுங்கியிருக்கும். முழுக்க ஆப்பு வடிவமாக இருந்தால், உயரத்தில் பாதி வரை டீசல் நிற்கும்போது உள்ளே இருப்பது பாதி அல்ல, கால் பங்கு. ஆயிரம் லிட்டர் டேங்கில் முள் நடுவில் நின்றால் கையில் 250 லிட்டர்தான். முள் காலில் நின்றால் 63 லிட்டர்கூட இல்லை. ஃப்ளோட் பொய் சொல்லவில்லை. அது உயரத்தைச் சொல்கிறது, ஸ்ராங்கு அதை லிட்டராகப் படிக்கிறார். நடுக்கடலில் இந்த வித்தியாசம் உயிர்ப் பிரச்சினை. ஆகவே தடைக்காலத்தில் டேங்கைக் காலி செய்யும் வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். அளவு தெரிந்த கேனால் ஐம்பது ஐம்பது லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் முள் எங்கே நிற்கிறது என்று குறித்து, அந்த அட்டவணையை கேஜுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். ஒரு பகல் போகும். போகட்டும்.

4. அடியில் இருப்பதெல்லாம் எஞ்சினுக்குக் கிடைக்காது. உறிஞ்சு குழாயின் வாய் டேங்கின் தரைக்குச் சற்று மேலே இருக்கும். அதற்குக் கீழே இருப்பது தண்ணீரும் கசடும். அட்டவணையில் பூஜ்யம் என்று எழுத வேண்டிய இடம் அந்தக் குழாய் வாய்.

5. கை நீட்டி ஆடும் ஃப்ளோட் என்றால் கையின் நீளத்தை டேங்கின் ஆழத்துக்கு ஏற்ப வையுங்கள். மேலும் கீழும் இடிக்கக் கூடாது. குழாய்க்குள் காந்தம் ஏறி இறங்கும் வகை என்றால் அடியில் ஒரு அங்குலம் இடைவெளி விட்டு வாங்குங்கள். அந்த வகையில் ஓம் படிப்படியாகத் தாவும். அது பழுது அல்ல. எந்த வகையானாலும் இடம் டேங்கின் நடுப்பக்கம். ஓரத்தில் வைத்தால் போட்டு சாயும்போதெல்லாம் கணக்கு மாறும்.

6. ஜூ டவுன் பழம்பொருள் கடைகளில் கப்பல்களிலிருந்து வந்த பித்தளைச் சாமான்கள் பளபளக்கும். பார்க்க எனக்கும் பிடிக்கும். ஆனால் டீசல் டேங்குக்குள் பித்தளை வேண்டாம், நாகம் பூசியதும் வேண்டாம். செம்பும் நாகமும் டீசலைச் சீக்கிரம் கெடுக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுங்கள்.

7. கேஸ்கெட் நைட்ரைல் ரப்பரில் இருக்கட்டும். சாதாரண ரப்பர் டீசலில் உப்பிவிடும். மூடியில் ஐந்து துளை இருந்தால் ஒன்று மட்டும் தள்ளியிருக்கும். ஒரே திசையில்தான் பொருந்தும். பொருந்தவில்லை என்று புதுத் துளை போடாதீர்கள், திருப்பிப் பாருங்கள்.

8. ஆலப்புழை ஹவுஸ்போட்டுகளில் வேலை வந்தால் கழிவு டேங்கில் ஆடும் ஃப்ளோட் போடாதீர்கள். காகிதமும் கசடும் சுற்றி நின்றுவிடும். பிளாஸ்டிக் டேங்க் என்றால் வெளிச்சுவரில் ஒட்டும் சென்சார் நல்லது. அவற்றில் பல உலோக டேங்கில் வேலை செய்யாது. அடியிலிருந்து அழுத்தம் பார்க்கும் சென்சாரை டீசலுக்கு வைத்தால், தண்ணீர்க் கணக்கை அப்படியே விடாதீர்கள். டீசல் லேசானது, ஆறில் ஒரு பங்கு குறைவாகக் காட்டும்.

9. 2023-இல் ஓடத் தொடங்கி 2025-இல் மட்டாஞ்சேரிக்கும் வந்த வாட்டர் மெட்ரோ படகுகள் பேட்டரியில் ஓடுகின்றன. இனி இந்த வேலை எதற்கு என்று ஒரு பையன் கேட்டான். அந்தப் படகுகளிலும் துணைக்கு டீசல் ஜெனரேட்டர் இருக்கிறது.

10. பேட்டரி சுவிட்சை அணைக்காமல் மூடியைத் தொடாதீர்கள். பீடி அருகில் கூடாது. பெட்ரோல் டேங்க் என்றால் ஒயரைத் தொட்டுப் பார்க்கும் சோதனையெல்லாம் கேஜ் பக்கத்தில்தான், டேங்க் பக்கத்தில் அல்ல. டேங்குக்குள் தலையை விடாதீர்கள், கழிவு டேங்கில் கண்டிப்பாக விடாதீர்கள்; அங்கே தேங்கும் வாயு ஆளை அப்படியே சாய்க்கும்.

11. புது ஃப்ளோட் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அளவுக் கோலைப் படகிலிருந்து இறக்க விடாதீர்கள். கரையை விடும் முன் ஸ்ராங்கைக் கோல் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கோலிலும் உங்கள் அட்டவணையின் லிட்டர் கணக்கை அரத்தால் கீறிக் கொடுங்கள். எந்த ஓம் வகை, என்ன நீளம், எந்தத் தேதியில் மாட்டியது என்பதை டேங்க் மூடியில் பெயிண்டால் எழுதுங்கள். அடுத்த முறை அதைத் திறப்பவர் நீங்களாக இருக்க மாட்டீர்கள்.