நோயாளர் பராமரிப்பும் ஒரு தொழிலே

பிள்ளை படிப்பை முடித்ததும் கல்லாவில் உட்கார வைப்பது நம்மவர் வழக்கம். எல்லாப் பிள்ளைகளுக்கும் கடை இடந்தராது. சிங்கப்பூரில் 2030-ஆம் ஆண்டளவில் குடிமக்கள் நால்வரில் ஒருவர் 65 வயதை எட்டியவராயிருப்பார் என்பது அரசாங்கக் கணிப்பு. ஆஸ்பத்திரிகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் ஆள் வேண்டும்.

முதற்படி, பராமரிப்பு உதவியாளர் வேலை. குளிப்பாட்டுவது, உணவூட்டுவது, உடற்சூடு பார்த்துக் குறிப்பது. படுத்த படுக்கையாய்க் கிடப்பவரைச் சுமார் இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைக்காவிடில் படுக்கைப் புண் விழும். இதை எடுபிடி வேலை என்று எவரும் எண்ணலாகாது. தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் தாதிமை பயின்று தேறுவோர், தாதியர் வாரியத்தில் பதிந்துகொண்டு, பிறகு பலதுறைத் தொழிற்கல்லூரியில் டிப்ளோமாவும் பெறலாம்.

“தலைத்துணியைக் கழற்றச் சொல்வார்களே” என்று தயங்கும் பெற்றோருக்கு ஒன்று சொல்வோம்: 2021 நவம்பர் 1 முதல் பொது மருத்துவமனைத் தாதியர் சீருடையோடு துடோங் அணியலாம். ஆண் பிள்ளைகளும் தேவை. முதியவர் பலர் பெண்கள் குளிப்பாட்டக் கூசுவர்.

வருமானம் கடைக்கு ஈடாகுமா என்பீர்கள். தொடக்கச் சம்பளம் கொஞ்சந்தான், இரவு முறையும் உண்டு. இதை மறைப்பதற்கில்லை.